இரவுக்கு ஏன் குளிசை இல்லை

இருதயப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நான் ஓய்வுபெற்ற ஒரு மிஸி, புத்தகத் தமிழில் தாதி. அன்புவழிபுரத்தில் இருக்கிறேன். சந்தைக்குப் போனால் இன்றைக்கும் யாராவது ஒருவர் மீன் தட்டுக்கு முன்னால் என்னை மறித்து, கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டுவார். "நான் பென்சன் எடுத்திட்டன், விடுங்கோ" என்று எரிந்து விழுவேன். பிறகு கொப்பியை வாங்கிப் பார்ப்பேன். பார்க்காமல் வந்தால் அன்றைக்குச் சமைக்கிற மீன் எனக்கு ருசிக்காது.

உங்கள் பொறுப்பு மிஸி ஒரு காலத்தில் என்னோடு வேலை செய்தவர். "புதுசா வந்த பிள்ளையளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாங்கோ அக்கா, ஆனா பயப்படுத்திப் போடாதேங்கோ" என்று கேட்டார். பயப்படுத்த மாட்டேன். ஆனாலும் கொஞ்சம் பயம் இருப்பது நல்லது. பயமே இல்லாத தாதியோடு ஒரு மணித்தியாலம் சேர்ந்து வேலை செய்யவும் எனக்கு விருப்பம் வராது.

குழாய்களை விரிக்கும் மருந்துகளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நாக்குக்குக் கீழே அடிக்கிற ஸ்பிரே, கிளினிக்கில் மாதாமாதம் கொடுக்கிற சின்ன வெள்ளைக் குளிசை, இரண்டும் ஒரே குடும்பம். இவற்றின் பெயரும் அளவும் உங்கள் புத்தகத்தில் இருக்கின்றன. புத்தகம் என்னைவிட நன்றாகச் சொல்லும், சத்தமும் போடாது.

இது அடைப்பைத் திறக்கும் மருந்து என்றுதான் நோயாளிகள் எல்லோரும் நினைக்கிறார்கள். உங்களிலும் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். உப்புத் தண்ணீர் ஓடிக் கல்லாய்ப் படிந்த பழைய குழாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருதயத்துக்கே இரத்தம் கொடுக்கிற முடியுரு நாடிகளில் இறுகிப்போன அடைப்பும் அப்படித்தான். எந்தக் குளிசைக்கும் அது வழிவிடாது. இன்னும் வளைந்து கொடுக்கக்கூடிய இடங்களைத்தான் மருந்து தளர்த்தும், பக்கத்துச் சின்னக் குழாய்களையும் கொஞ்சம் திறந்துவிடும். ஆனால் அதன் பெரிய வேலை நெஞ்சுக்கு வெளியேதான் நடக்கிறது. உடம்பு முழுக்க உள்ள நாளங்களைத் தளர்த்தி, திரும்பி வருகிற இரத்தத்தில் ஒரு பங்கை அங்கேயே நிறுத்தி வைக்கிறது. இருதயத்துக்குத் தூக்க வேண்டிய சுமை குறைகிறது, நோவும் குறைகிறது.

அளவு மீறினால் கதை வேறு. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டுக்குச் சொட்டும் வராது. அதுபோல உடம்பெல்லாம் ஒரேயடியாக விரிந்து அழுத்தம் விழுந்துவிட்டால், அடைப்புக்கு அப்பால் இருக்கிற தசைக்கு இரத்தம் போய்ச் சேராது. அதனால்தான் நிற்கிறவருக்கு ஸ்பிரே அடிக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். ஒரு பஸ் கொண்டக்டர் கட்டிலில் ஏற மாட்டேன் என்று என்னோடு வாதாடினார். நானும் களைப்பில் நின்றபடியே அடித்துவிட்டேன். மனிதர் அப்படியே என் மேல் சாய்ந்தார். அவர் கொஞ்ச நேரத்தில் எழும்பி உட்கார்ந்து தேத்தண்ணீர் கேட்டார், என் இடுப்புத்தான் ஒரு கிழமைக்கு எழும்பவில்லை.

சரி, நான் சொல்ல வந்தது மோட்டர் காக்காவின் கதை.

நான் கடைசியாக வேலை செய்த வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். அங்கே இருதயக் கிளினிக்குக்குக் கிண்ணியாவில் இருந்து ஒருவர் வருவார். துறைமுகப் பக்கம் படகு மோட்டர்கள் திருத்துகிறவர். அண்ணனைக் கூப்பிடுகிற முறையில் எல்லோருக்கும் அவர் மோட்டர் காக்கா. முடியுரு நாடிகள் மூன்றும் அடைத்துப்போய், கொழும்பில் சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டு நாளுக்காகக் காத்திருந்தார். அந்த நாள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும் வரைக்கும் குளிசைகள்தான் அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு கிளினிக்குக்கும் அவருடைய மனைவியும் வருவார். வீட்டில் தையல் மெசின் வைத்துத் தைக்கிறவர். என்னைவிட வயது குறைவுதான், ஆனாலும் அக்கா முறை வைத்து நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். மருந்தெல்லாம் அவர் கையில்தான். "அவ உள்ளங்கையில வெச்சா நான் விழுங்குவன் மிஸி. இது என்ன குளிசை எண்டு கேட்டா அவ அழுவா" என்பார் காக்கா. ராத்தா பக்கத்தில் நின்று முகத்தைத் திருப்பிக்கொள்வார், சிரிப்பு மட்டும் தெரியும்.

கிண்ணியா, மூதூர் ஆட்களுக்கு மருந்து நேரத்தைத் தொழுகை நேரத்தோடு சேர்த்துச் சொல்வது எங்கள் வழக்கம். மணிக்கூட்டைச் சொன்னால் மறந்துபோகும், தொழுகை வக்தைச் சொன்னால் மறக்காது. வெள்ளைக் குளிசையை விடிய சுபஹ் தொழுது சாப்பிட்ட பிறகு ஒன்று, மத்தியானம் லுஹருக்குப் பிறகு ஒன்று என்று சொல்லி அனுப்புவோம். நல்ல வழக்கம், நீங்களும் விட்டுவிடாதீர்கள். அதோடு சேர்த்து வேறொன்றும் சொல்ல வேண்டும், அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு நாள் கிளினிக் முடிந்து சனம் கலைந்த நேரம். ராத்தா காக்காவை ஓட்டோவில் ஏற்றிக் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து கொண்டுவந்து சேர்த்தார். நடு நெஞ்சில் நோ. அன்று கடமையில் இருந்தவர் யாழ்ப்பாணத்தில் இருந்து புதிதாக வந்த ஒரு இளம் டொக்டர். நல்ல பிள்ளை, காலையில் இருந்து இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் நோயாளிகளைப் பார்த்தவர். காக்காவைக் கட்டிலில் படுக்க வைத்து ஸ்பிரே அடித்தார். கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பவும் அடித்தார். நோ அசையவில்லை. ஈசீஜி எடுத்துப் பார்த்தார். முதல் நாள் என்ன சாப்பிட்டார் என்று கேட்டபோது, கலியாண வீட்டில் நாலு பேரோடு சஹன் என்கிற பெரிய சாப்பாட்டுத் தட்டைச் சுற்றிக் குந்தியிருந்து ஒரு பிடி பிடித்ததை ராத்தா ஒளிக்காமல் சொன்னார்.

டொக்டர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். "மிஸி, ரெண்டு தரம் அடிச்சும் நோ குறையேல்ல. ஈசீஜியும் முந்தின மாதிரித்தான் கிடக்கு. இருதய நோ எண்டா ஸ்பிரேக்குக் கொஞ்சமாவது கேட்டிருக்கும். இது வாய்வு போலதான் தெரியுது. மருந்து குடுத்து வீட்ட விடுவமா?"

ஸ்பிரேக்குக் குறைந்தால் இருதயம், குறையாவிட்டால் வாய்வு என்று எங்கும் ஒரு கதை உலாவுகிறது. அது நம்பக்கூடிய கதை இல்லை. குடல் நோவும் சில நேரம் ஸ்பிரேக்கு அடங்கும், இருதய நோவும் சில நேரம் அடங்காது. இது எனக்குத் தெரியும், டொக்டருக்கும் தெரியும். ஆனால் களைத்துப்போன நேரத்தில் தெரிந்தது கைக்கு வராது, கேள்விப்பட்டதுதான் முதலில் வரும். யாருக்கும் அப்படித்தான்.

நான் காக்காவின் கையைப் பார்த்தேன். படகு மோட்டரைத் தனியே தூக்கித் தோளில் வைக்கிற கை, கட்டில் கம்பியைப் பிடித்தபடி ஈரமாக இருந்தது. பிரஷரைத் திரும்ப எடுத்தேன். ஸ்பிரே அடிக்க முன் இருந்ததுதான் இப்போதும் இருந்தது.

"டொக்டர், பிரஷர் ஒரு சொட்டும் இறங்கேல்ல. ரெண்டு தரம் அடிச்சும் அப்பிடியே நிக்குது" என்றேன்.

அவர் போக எடுத்த காலை நிறுத்தினார். "இறங்கேல்லையா?" என்று கேட்டு, தானே ஒருமுறை எடுத்துப் பார்த்தார். நான் காக்காவிடம் குனிந்தேன்.

"காக்கா, இந்த வெள்ளைக் குளிசை போட்டா தலையிடிக்குது எண்டு முந்தி என்னோட சண்டை பிடிப்பீங்களே. இப்ப எப்பிடி?"

"அது போயிட்டு மிஸி. இப்ப தலையிடியே இல்ல. உடம்புக்குப் பழகிட்டு." அந்த நோவுக்குள்ளும் எனக்கு நல்ல செய்தி சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

தலையிடி பலருக்கும் சில நாட்களில் தானாகவே போய்விடும். அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் பிரஷரும் அசையவில்லை, தலையிடியும் இல்லை, நோவும் குறையவில்லை என்றால், மருந்து சொல்வதை இந்த உடம்பு கேட்பதை விட்டுவிட்டது என்று அர்த்தம். அதைச் சட்டென்று பிடித்தவர் டொக்டர்தான். நான் இரண்டு துண்டை எடுத்துக் கொடுத்தேன், அவர் பொருத்தினார்.

"ராவிலயும் இந்தக் குளிசை போடுறீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம். இஷாவுக்குப் பிறகு ஒண்டு. இவ தாறதுதானே."

ராத்தா நிமிர்ந்து நின்றார். "ஒரு நாளும் தவற விடல்ல டொக்டர். எவ்வளவு வருத்தமெண்டாலும் எழும்பிக் குடுத்திருவன்." அந்த முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு இளகும்.

விஷயம் இதுதான். நாள் முழுவதும் இரவும் பகலும் இந்த மருந்து உடம்பில் ஓடிக்கொண்டே இருந்தால் குழாய்கள் அதற்கு இளகுவதை நிறுத்திவிடும். ஒவ்வொரு நாளும் சில மணித்தியாலம் மருந்தில்லாமல் விட்டால்தான் மறுநாள் காலை அது திரும்ப வேலை செய்யும். அதற்காகத்தான் இரவை வெறுமையாக விடுகிறோம். ராத்தா அந்த வெறுமையை நிரப்பிவிட்டார். குளிசை போனது மட்டுமல்ல, ஸ்பிரேயும் அதே குடும்பம் என்பதால் அதுவும் கைவிட்டுவிட்டது. கொழும்பில் இருந்து நாள் வரும் வரை அவரைத் தாங்க வேண்டிய இரண்டும் போய்விட்டன.

டொக்டர் அதற்குப் பிறகு நின்ற இடத்தில் நிற்கவில்லை. வேறு மருந்துகளைப் பிடித்தார், பெரிய டொக்டரோடு கதைத்தார், இரத்தம் எடுத்து அனுப்பினார். பின்னேரம் அஸர் பாங்கு கேட்கிற நேரம் காக்கா கட்டில் கம்பியில் இருந்து கையை எடுத்தார். இரத்தப் பரிசோதனை வந்தபோது இருதயம் காயப்படத் தொடங்கியிருந்தது தெரிந்தது. வாய்வு மருந்தோடு பாலத்தைத் தாண்டித் திரும்பிப் போயிருந்தால் அவர் எங்களிடம் மறுபடி வந்திருப்பாரோ தெரியாது.

ஆனால் பிள்ளைகளே, அன்று எனக்கு மிகவும் கடினமாக இருந்தது இதற்கு நடுவில் நடந்ததுதான். இரத்தப் பரிசோதனை வர முன்னமே காக்காவின் மூத்த சகோதரி வந்து சேர்ந்துவிட்டார். "என்ர தம்பிக்கு என்ன நடந்த?" என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டு வந்தார். டொக்டர் நேர்மையான பிள்ளை, மனதில் ஒன்றும் ஒளிக்கத் தெரியாது. ராத்தாவைப் பார்த்து, "அம்மா, நீங்க ராவில குடுத்த அந்த..." என்று தொடங்கினார்.

அந்தச் சகோதரிக்கு முன்னால் இந்த வசனம் முடிந்தால் காக்கா பிழைப்பார், ராத்தா பிழைக்க மாட்டார். அந்த வீட்டில் அவர் சாகும் வரைக்கும் ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்தக் கதை வெளியே வரும்.

"டொக்டர், ரத்த ரிப்போட் வந்திட்டாம், கூப்பிடினம்" என்றேன். அப்போது எந்த ரிப்போட்டும் வரவில்லை. டொக்டர் என் முகத்தைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார், போனார். நான் ராத்தாவைக் கையில் பிடித்து, துவைத்த துணிகள் வைக்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கை விரிப்பு மூட்டையில் இருத்தினேன். அவர் கை தன்பாட்டில் ஒரு விரிப்பின் பிரிந்த தையலைத் தேடிப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தது.

"ராத்தா, நாங்க ரெண்டு வேளைக்குத்தானே சொன்னம். இஷாக் குளிசை எப்ப தொடங்கினது?"

அவர் மெல்லச் சொன்னார். எதிர் வீட்டு மனிதர் இரவில் படுத்தவர், எழும்பாமல் நித்திரையிலேயே மௌத்தாகிவிட்டார். அடுத்த நாளே ராத்தா பாமசியில் அதே குளிசையைக் காசு கொடுத்து வாங்கிவிட்டார். "சுபஹுக்கும் லுஹருக்கும் தாறீங்க. அதுக்குப் பிறகு மூணு வக்து வெறுமையாக் கெடக்கே மிஸி. ராவு எவ்வளவு நீளம். ஒரு வக்துத் தொழுகையை விட்டா எப்பிடி இருக்குமோ அப்பிடி இருந்திச்சு எனக்கு. எப்பிடி நான் அவரை மருந்தில்லாம உறங்க விடுற?"

நான் உண்மையைச் சொன்னேன். இஷாக் குளிசையால்தான் மற்றக் குளிசைகளும் வேலை செய்யாமல் போனது என்று சொன்னேன். பொய் சொல்லித் தேற்றினால் அவர் வீட்டுக்குப் போய்த் திரும்பவும் கொடுப்பார்.

அவர் கை நின்றது. "அப்ப நான்தானா மிஸி அவரைக் கொல்லப் பாத்த?"

"இல்ல ராத்தா. நீங்க பயந்து போனீங்க. ராவுக்கு ஏன் குளிசை இல்லை எண்டு கேட்டிருந்தா நாங்க சொல்லியிருப்பம். ஆனா கேக்காமலே சொல்லியிருக்க வேணும், அது எங்கட வேலை."

"ஒருத்தரும் சொல்லல்ல" என்று ராத்தா சொன்னார். அதில் கோபம் இருந்தது. நியாயமான கோபம்தான்.

பிறகு கேட்டேன்: "ஒண்டு சொல்லுங்கோ. காக்காவை நீங்க விடிய எழும்பினதில இருந்து படுக்கும் வரைக்கும் விடாமக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தா, அவர் திரும்பிப் பாப்பாரா?"

ராத்தா கண்ணைத் துடைத்தார். "எங்க பாக்கிற? காதுலயே விழாது."

"குழாயும் அப்பிடித்தான். கொஞ்ச நேரம் சும்மா விடுங்கோ. விட்டுட்டு விடியக் கூப்பிட்டா அது கேக்கும்."

அவருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. எனக்கும் வந்தது. "ராவில நோ வந்தா?" என்று கேட்டார். "ஸ்பிரேயைத் தலைமாட்டில வையுங்கோ. ராவை வெறுமையா விட்டா அதுவும் வேலை செய்யும். ராவுக்கெண்டு வேற குளிசை டொக்டர் தருவார், அது இந்தக் குடும்பம் இல்லை. ஆனா இஷாக் குளிசையை நீங்களா இண்டைக்கே நிப்பாட்டாதேங்கோ, சட்டெண்டு நிப்பாட்டினாலும் குழாய் கோபிச்சுச் சுருங்கும். நாங்க வாட்டில வெச்சுப் பாத்துத்தான் விடுவம்." எல்லாவற்றையும் என்னிடம் திருப்பிச் சொல்ல வைத்தேன். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார்.

"சரி. அப்ப நான் ராவில என்ன செய்யிற?"

"நித்திரை கொள்ளுங்கோ."

அவர் என்னை விளங்காத மாதிரிப் பார்த்தார். காக்காவுக்கு முதல்முறை நெஞ்சுநோ வந்த நாளில் இருந்து தான் சரியாக உறங்கவில்லை என்று அப்போதுதான் சொன்னார். பக்கத்தில் படுத்துக்கொண்டு மூச்சு வருகிறதா என்று கேட்டபடியே இருப்பாராம். இதை யாரிடமும் அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கிளினிக்கில் காக்காவின் பிரஷர், சீனி, நிறை எல்லாம் பார்த்தோம். பக்கத்தில் நின்ற மனுசி நித்திரை கொள்கிறாளா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது காக்காவின் சகோதரி என்னை மறித்தார். "மருந்து நேரத்தை மாத்தியிருக்கிறம், இனிச் சரி வரும்" என்றேன். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. டொக்டரும் அதையே சொன்னார். அன்று வேலை முடிந்து போகும்போது அவர் என்னிடம், "மிஸி, நான் அவசரப்பட்டிட்டன்" என்றார். "இல்லை டொக்டர், நீங்க நிண்டு யோசிச்சீங்க" என்றேன். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் எல்லோரும் வேலை செய்கிறோம்.

ஆகவே பிள்ளைகளே, குளிசை கொடுக்கிற நேரத்தைச் சொல்லுங்கள், கொடுக்காத நேரத்துக்கும் காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் தெரியாத இடத்தை அன்புள்ளவர்கள் தாங்களாகவே நிரப்பிவிடுவார்கள். அக்கறை இல்லாதவர்கள் மருந்தை மறப்பார்கள், அதைக் கண்டுபிடிப்பது லேசு. அக்கறை கூடினவர்களைக் கண்டுபிடிக்க நீங்கள் பக்கத்தில் இருந்து கதைக்க வேண்டும்.

மோட்டர் காக்காவுக்குக் கொழும்பில் இருந்து நாள் வந்தது. போனார், நெஞ்சில் நீளமாகத் தைத்த தழும்போடு வந்தார், இன்றைக்கும் மோட்டர் திருத்துகிறார். ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அதற்கு முந்திய ஒரு கிளினிக்கை. ராத்தா மருந்து எடுக்க வரிசையில் நின்றார். காக்கா கதிரையை என் மேசைக்குக் கிட்ட இழுத்துக் குரலைத் தணித்தார்.

"மிஸி, ஒரு முறைப்பாடு."

"என்ன, திரும்ப நோவா?"

"நோவெல்லாம் இல்ல. தலையிடி திரும்ப வந்திட்டு, அது பரவாயில்ல. இவ ராவில குறட்டை விடுறா மிஸி. மெசின் ஓடுற மாதிரி. எனக்கு ஒரு சொட்டு நித்திரை இல்ல."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப தட்டி எழுப்புங்கோவன் காக்கா" என்றேன்.

அவர் வரிசைப் பக்கம் திரும்பி ராத்தாவைப் பார்த்தார். பிறகு, நான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

"எழுப்புறதா? எத்தனை வருஷத்துக்குப் பிறகு உறங்குது மிஸி அது. நான் சும்மா கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறன்."